மாவுப்பூச்சிக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றால் பூச்சி சாகுமா?

பாலூர் பக்கம் அரை ஏக்கரில் கத்தரி போட்டிருக்கும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கத்தரியில் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு தடவை மருந்து அடித்தும் போகவில்லை. பூச்சியின் உடம்புக்குள் பாக்டீரியா இருக்கிறது, அதைக் கொன்றால் பூச்சி தானாகச் செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மருந்துக் கடையிலும் நெல்லுக்கு அடிக்கிற ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?"

தம்பி, அடிக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் டேங்கில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் வீடியோவில் சொன்ன விஷயம் பொய் இல்லை. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குள் பாக்டீரியா இருப்பது உண்மை. அது இல்லாமல் அந்தப் பூச்சியால் வம்சம் வளர்க்க முடியாது என்பதும் உண்மை. இருபது வருடமாக நான் பார்த்துவரும் விஷயம் இது. அந்த உண்மையிலிருந்து ஆன்டிபயாட்டிக் தெளிப்புக்குத் தாவியதுதான் தப்பு. ஏன் என்று புரிய வேண்டுமானால், செடியின் சாற்றில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவை இலையைக் கடிப்பதில்லை. மயிரைவிட மெல்லிய ஊசி போன்ற வாயை இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ செருகி, ஃபுளோயம் என்கிற சாற்றுக் குழாயை எட்டும்வரை தேடிப் போகும். அது இலையில் தயாராகிற சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் எடுத்துப் போகும் குழாய். அதில் சர்க்கரை ஏராளம். புரதம் கட்டுவதற்கு வேண்டிய அமினோ அமிலங்கள் குறைவு. அதிலும் விலங்குகளால் சொந்தமாகத் தயாரிக்க முடியாத பத்து அத்தியாவசிய அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. வெறும் பானகத்தை மட்டும் ஊற்றி ஒரு குழந்தையை வளர்க்க முடியுமா? பருப்பு இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை, வெல்லத் தண்ணீர் மட்டும். ஆனால் அசுவினி அதைக் குடித்தே ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து, குட்டி போடவும் ஆரம்பித்துவிடுகிறது.

இருக்கிற கொஞ்ச அமினோ அமிலத்தைச் சேர்க்க அது சாற்றை விடாமல் குடித்துக்கொண்டே இருக்கும். வேண்டாத சர்க்கரையைப் பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியேற்றும். அதுதான் தேன்கழிவு. எறும்பு வருவது அதற்காக. கீழ் இலைகளில் கரும்பூசணம் படர்வதும் அதன்மேல்தான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதன்முதலாகக் கண்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இப்போது நம் கடற்கரைத் தென்னைகளிலும் இருக்கிறது. அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தியவர்களுக்குத் தெரியும், காலையில் சீட்டைத் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டும். செடி மாதக்கணக்கில் உழைத்துச் செய்த சர்க்கரை அது.

ஆனால் எவ்வளவு குடித்தாலும் அந்தப் பத்து அமினோ அமிலத்தின் பற்றாக்குறை தீராது. அதைத் தீர்ப்பது உள்ளே இருக்கும் பாக்டீரியா. சாற்றில் ஓரளவு கிடைக்கிற சாதாரண அமினோ அமிலங்களை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, கிடைக்காதவற்றை அது செய்து தருகிறது. அதற்குப் பதிலாகப் பூச்சி அதற்கு வீடும் தீனியும் பாதுகாப்பும் கொடுக்கிறது. வீடு என்றால் குடலில் மிதப்பது இல்லை. பூச்சியின் உடம்பில் இதற்கென்றே தனிப் பெரிய செல்கள் உண்டு. அந்தச் செல்களுக்குள்ளேதான் பாக்டீரியா அடைந்திருக்கும். வீடியோவில் 'வயிறு' என்று சொல்லியிருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாக வரும்.

இந்தச் செல் கூட்டத்தை 1858-லேயே இங்கிலாந்தின் தாமஸ் ஹக்ஸ்லி அசுவினியில் பார்த்து எழுதியிருக்கிறார். அது என்னவென்று அவருக்குப் புலப்படவில்லை. அது நுண்ணுயிரிகளின் இருப்பிடம் என்று 1910-ல்தான் இத்தாலியில் ஒருவரும் செக் நாட்டில் ஒருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஜெர்மனியின் பால் புக்னர் வாழ்நாள் முழுக்கப் பூச்சி பூச்சியாக அறுத்துப் பார்த்து, இது ஏதோ ஒரு பூச்சியின் விநோதம் இல்லை, சாறு குடிக்கும் பூச்சிகளில் பொதுவாக உள்ள ஏற்பாடு என்று காட்டினார். அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு 1991-ல் அவர் பெயரையே வைத்து புக்னெரா என்றார்கள்.

புக்னெரா ஒரு அசுவினியிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்பதைக் கேட்டால் உங்களுக்கு நம் காராமணி, அவரைச் செடிகளின் கொழுந்து ஞாபகம் வரும். நேற்று நாலு அசுவினி, ஐந்தாம் நாள் பார்த்தால் கொழுந்தே தெரியாது. நம் ஊர் வெப்பநிலையில் அசுவினிக்கு ஆண் தேவையில்லை, முட்டையும் இல்லை. தாய் நேராகப் பெண் குட்டிகளை ஈனுகிறது. அந்தக் குட்டி தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாட்டி வயிற்றுக்குள் மகள், மகள் வயிற்றுக்குள் பேத்தி. கரு உருவாகிற அந்தத் தொடக்க நாளிலேயே தாயின் உடம்பிலிருந்து புக்னெரா கருவுக்குள் போய்விடுகிறது. வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. இப்படித் தாய் வழியாகவே குறைந்தது 16 கோடி ஆண்டுகள் கைமாறி வந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மனிதன் விவசாயம் தொடங்கியே சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது.

இவ்வளவு காலம் ஒரே வீட்டுக்குள் இருந்ததில் பாக்டீரியா தன்னிடமிருந்த பலவற்றைத் தொலைத்துவிட்டது. நம் குடலில் உள்ள சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். 2000-ல் ஜப்பானியர்கள் புக்னெராவை முழுமையாகப் படித்தபோது அதில் இருந்தது சுமார் 6.4 லட்சம்தான். வெள்ளை ஈக்குள் உள்ள போர்டியெரா என்ற பாக்டீரியாவுக்கு சுமார் 3.5 லட்சம். அமினோ அமிலம் செய்யும் மரபணுக்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளியுலகில் பிழைக்க வேண்டிய மரபணுக்களை எல்லாம் விட்டுவிட்டது. அதனால் அதைப் பூச்சியிலிருந்து எடுத்துத் தனியாக வளர்க்க முடியாது. பூச்சிக்கும் அது இல்லாமல் ஆகாது.

மாவுப்பூச்சியின் கதை இதைவிட வியப்பானது. எலுமிச்சை மாவுப்பூச்சி என்று ஒன்று உண்டு, எலுமிச்சை மட்டுமல்ல, நிறைய பழ மரங்களில் வரும். அதன் செல்லுக்குள் ட்ரெம்ப்ளேயா என்ற பாக்டீரியா. அந்த ட்ரெம்ப்ளேயாவுக்குள்ளே இன்னொரு பாக்டீரியா. 2001-ல் இதைக் கண்டுபிடித்தபோது, ஒரு பாக்டீரியாவுக்குள் இன்னொரு பாக்டீரியா நிலையாகக் குடியிருப்பது அதற்கு முன் யாரும் பார்க்காத ஒன்று. 2011-ல் மரபணுக்களைப் படித்தார்கள். ட்ரெம்ப்ளேயாவுக்கு இருப்பது வெறும் 1.39 லட்சம் எழுத்து. ஒரு அமினோ அமிலத்தைக்கூட முதலிலிருந்து கடைசிவரை தனியாகச் செய்ய அதனால் முடியாத நிலை.

அப்படியானால் வேலை எப்படி நடக்கிறது? பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முந்திரிக் கொட்டை உடைக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டில் வறுப்பார்கள், இன்னொரு வீட்டில் உடைப்பார்கள், அடுத்த வீட்டில் தோல் நீக்கித் தரம் பிரிப்பார்கள். முழு வேலையும் ஒரே வீட்டில் நடக்காது, பருப்பு மட்டும் கடைசியில் முழுதாக வந்து நிற்கும். அதேபோல ஒரு அமினோ அமிலத்துக்கான சில படிகளை வெளி பாக்டீரியா செய்கிறது, சில படிகளை உள் பாக்டீரியா செய்கிறது, மீதியைப் பூச்சியே செய்கிறது. 2013-ல் இன்னொன்றும் தெரிந்தது. பூச்சியின் சொந்த மரபணுத் தொகுதிக்குள் வேறு வேறு பாக்டீரியாக்களிடமிருந்து எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட மரபணுக்கள் இருக்கின்றன, அவையும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. எது பூச்சி, எது பாக்டீரியா என்று கோடு கிழிப்பதே கஷ்டமாகிவிடுகிறது. எத்தனையோ முறை படித்தும் இந்த இடத்தில் எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை. (எல்லா மாவுப்பூச்சியிலும் இந்த இரட்டை அடுக்கு இல்லை. பருத்தியில் அதிகம் வரும் மாவுப்பூச்சி வேறு கிளை, அதில் ட்ரெம்ப்ளேயா தனியாகவே வேலையைச் செய்கிறது.)

நெல்லில் வரும் புகையான் என்ற தத்துப்பூச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலும் இப்படி ஒரு கூட்டாளி உண்டு, ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை. புகையான் கழிவாக ஒதுக்கும் யூரிக் அமிலத்தில் உள்ள நைட்ரஜனைத் திரும்ப எடுத்து அது பயன்படுத்துகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. புகையானுக்கும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது பூச்சி உயிர் வாழவே வேண்டிய பாக்டீரியா. இதைத் தவிர, இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற இரண்டாம் வகை ஒன்று உண்டு. விவசாயிக்குத் தலைவலி கொடுப்பதில் இவை குறைந்தவை அல்ல. அசுவினியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறிய குளவிகள் நமக்கு நண்பர்கள். பட்டாணி அசுவினியில் ஹாமில்டனெல்லா என்ற பாக்டீரியா இருந்தால் குளவியின் புழு உள்ளேயே செத்துவிடுகிறது. அந்த பாக்டீரியாவைத் தொற்றியிருக்கும் ஒரு வைரஸ் தயாரிக்கும் நஞ்சுதான் புழுவைக் கொல்கிறது. வேறொரு பாக்டீரியா அசுவினி வெயிலைத் தாங்க உதவுகிறது.

வெள்ளை ஈயில் நடந்த ஒன்றை விவசாயிகள் கூட்டங்களில் நான் தவறாமல் சொல்வேன். அமெரிக்காவின் அரிசோனாவில் 2000-ல் நூற்றில் ஒரு வெள்ளை ஈக்குத்தான் ரிக்கெட்ஸியா என்ற பாக்டீரியா இருந்தது. 2006-ல் பார்த்தால் நூற்றுக்கு 97. அது உள்ள வெள்ளை ஈ அதிகமாக முட்டையிட்டது, குஞ்சுகளில் அதிகம் பிழைத்தன, அவற்றிலும் பெண் அதிகம். ஆறே வருடத்தில் பூச்சி தன் மரபணுவை மாற்றாமலே வேறு மாதிரிப் பூச்சியாகிவிட்டது.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலையும், காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் நெல் அறுத்த தரிசில் விதைக்கும் உளுந்தில் மஞ்சள் தேமலையும் பரப்புவது வெள்ளை ஈதான். நோய்ச் செடியின் சாற்றோடு உள்ளே போன வைரஸ் குடலைத் தாண்டி, பூச்சியின் ரத்தத்தில் நீந்தி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த செடிக்கு வரும். வழியில் பூச்சியின் உடம்பு அதை அழித்துவிடலாம். இஸ்ரேலில் தக்காளி இலைச்சுருள் வைரஸை வைத்துச் செய்த ஆய்வுகளில், வெள்ளை ஈக்குள் வாழும் பாக்டீரியா தயாரிக்கும் ஒரு புரதம் வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதைப் பத்திரமாகக் கடத்திக் கொண்டுபோவது தெரிந்தது. நம் நாட்டில் பருத்தி வெள்ளை ஈயில் வேறொரு பாக்டீரியா இதே வேலையைச் செய்வதாகக் கண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆய்வகத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து புக்னெராவை அழித்துப் பார்த்திருக்கிறார்கள். அசுவினி உடனே செத்து விழவில்லை. குட்டையாக வளர்ந்தது, மெதுவாக வளர்ந்தது, குட்டி போடுவது ஏறக்குறைய நின்றுபோனது. இதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், மருந்தால் இல்லை, வெயிலால். படிக்கும் காலத்தில் காராமணிச் செடிகளில் அசுவினி வளர்த்துவந்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மதியம் மின்சாரம் போய், வளர்ப்பு அறையின் குளிரூட்டி நான்கைந்து மணிநேரம் நின்றுவிட்டது. சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தேன், அசுவினிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அடுத்த ஒரு வாரம் தொட்டிக்குத் தொட்டி எண்ணிப் பார்த்தால் புதுக் குட்டிகளே சொற்பம். வெயில் பூச்சியையும் வாட்டியிருக்கும். ஆனால் 35 டிகிரி போன்ற வெப்பத்தில் சில மணிநேரம் இருந்தாலே புக்னெராவின் எண்ணிக்கை சரிந்துவிடும், சிலவகை புக்னெராவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்டாலே இந்தச் சரிவு வருகிறது என்று பிறகு 2007-ல் வந்த ஆய்வைப் படித்தபோது, அந்தத் தொட்டிகள்தான் கண்முன் வந்தன.

ஆகவே 'பாக்டீரியா போனால் பூச்சி தளரும்' என்பது சரி. ஆய்வகத்தில் மருந்தைச் செயற்கைத் தீனியில் கலந்து ஊட்டினார்கள், அல்லது ஊசியால் உடம்புக்குள் செலுத்தினார்கள். உங்கள் வயலில் நீங்கள் இலைமேல் தெளிக்கப் போகிறீர்கள். பூச்சி இலைமேல் இருப்பதைத் தின்பதில்லை, ஊசியை இறக்கி உள்ளே உள்ள குழாயிலிருந்து குடிக்கிறது. இலைமேல் விழுந்த மருந்து அந்தக் குழாய்க்குள் போதுமான அளவு இறங்காது. கொஞ்சம் இறங்கினாலும், பூச்சியின் குடலைத் தாண்டி, அந்தத் தனிச் செல்லின் சுவரைத் தாண்டி, உள்ளே உள்ள பாக்டீரியாவை எட்ட வேண்டும். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகு மாவு வேறு. வயிற்றில் இல்லை, செல்லுக்குள் இருக்கிறது என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். இத்தனையும் தாண்டிப் பலித்தாலும், இப்போது செடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சி உட்கார்ந்தே இருக்கும், சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நஷ்டம் மருந்துக் காசோடு நிற்பதில்லை. ஸ்ட்ரெப்டோசைக்ளினில் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குப் பயன்பட்டுவரும் மருந்து. டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது டாக்சிசைக்ளின். மழை, பனிக் காலத்தில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலோடு வருகிறவர்களைக் காப்பாற்றுவது அந்த டாக்சிசைக்ளின்தான். புதர்களில் உள்ள சின்ன உண்ணிப் பூச்சி கடித்து, உடம்பில் கருப்பாக ஒரு பொருக்கு விட்டு வரும் காய்ச்சல் அது. வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. தோட்டம் முழுக்க ஆன்டிபயாட்டிக்கைத் தெளித்தால் மண்ணிலும் வாய்க்காலிலும் உள்ள பாக்டீரியாக்களில் எது மருந்தைத் தாங்குமோ அது மட்டும் மிஞ்சும், அந்தத் தாங்கும் மரபணுக்களை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கும். கத்தரிக்காயில் ஒரு பூச்சிக்காக, நம் வீட்டு ஆட்களுக்குக் காய்ச்சல் வரும்போது எடுக்க வேண்டிய மருந்தை நாமே மழுங்கடிக்கக் கூடாது. இந்த இரண்டு மருந்துகளையும் பயிர்களில் பயன்படுத்துவதைத் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணையே வெளியிட்டது.

இரண்டு தடவை அடித்தும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மருந்தை மூன்றாவது தடவை அடிக்கும் முன் ஜப்பானில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காராமணி, துவரை, மொச்சைக் காய்களை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி தன் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பெறுவதில்லை. குஞ்சாக இருக்கும்போது மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஃபெனிட்ரோதயான் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த மண்ணில், அந்த மருந்தையே தின்று சிதைக்கும் பாக்டீரியா பெருகிவிடுகிறது. குஞ்சு அதை விழுங்கியதும் அந்த மருந்தைத் தாங்கும் பூச்சியாகிவிடுகிறது. 2012-ல் வெளிவந்த ஆய்வு இது. மருந்துக்குத் தேறிய பூச்சி வருவதற்குப் பல தலைமுறை ஆகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே ஒரே தலைமுறையில், மண்ணிலிருந்து கிடைத்துவிட்டது. கத்தரி மாவுப்பூச்சி இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரே மருந்தை ஒரே மண்ணில் விடாமல் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு அந்த நாவாய்ப் பூச்சிதான் ஞாபகம் வருகிறது.

அப்படியென்றால் இந்த பாக்டீரியா அறிவால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் கொல்வதைவிட மாற்றி வைப்பதில்தான் பெரிய பயன் தெரிகிறது. புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள கொசு ஆராய்ச்சி மையம், நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் என்பது முழுப்பெயர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் வால்பாக்கியா என்ற பாக்டீரியாவை நிலைநிறுத்திய வகைகளை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. அந்த பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாது. இதே வழியில் சீனாவில் 2020-ல் வேறொரு தத்துப்பூச்சியின் வால்பாக்கியாவைப் புகையானுக்குள் வைத்துப் பார்த்தார்கள், நெல்லைத் தாக்கும் ஒரு வைரஸைப் புகையான் பரப்புவது குறைந்தது. இதெல்லாம் ஆய்வகத்திலும் அரசு அனுமதியோடும் நடக்க வேண்டிய வேலை, டேங்கில் கலக்கிற வேலை இல்லை. ஆனால் வெயிலில் மின்சாரம் போய் என் அசுவினிகள் மலடான நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருக்கிற வேலை இதுதான்.

உங்கள் கத்தரிக்கு இப்போது என்ன செய்வது? யூரியாவிலிருந்து ஆரம்பியுங்கள். பாக்டீரியா அமினோ அமிலம் செய்யும், ஆனால் மூலப்பொருள் சாற்றில் இருந்துதான் வர வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் சாற்றில் நைட்ரஜன் ஏறும், உள்ளே இருக்கும் அடுப்புக்கு நீங்களே விறகு கொடுத்த மாதிரி. இலை கருகரு என்று பச்சையாக, சதைப்பிடிப்பாக இருந்தால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது எறும்பு. தேன்கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும், பூச்சிக் குஞ்சை அடுத்த செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். வரப்பில் எறும்புப் புற்றைக் கண்டுபிடித்துக் கலைத்தாலே பாதி வேலை. மாவு அப்பிய நுனிகளை வெட்டி, வரப்பில் போடாமல் பையில் போட்டு எடுத்துப்போய் எரித்துவிடுங்கள். மீதிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து, இலையின் அடிப்பக்கமும் கணுவும் நனைய அடியுங்கள். அது மெழுகைக் கரைத்து உடம்பின்மேல் நேராக வேலை செய்கிறது, பாக்டீரியாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாவு கட்டாத இளங்குஞ்சுகள் ஊர்ந்து திரியும் நேரத்தில் அடித்தால்தான் முழுப் பலன், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்து வடித்த சாறும் போதும். பக்கத்து வரப்பில் வெண்டை இருந்தால் மஞ்சள் நரம்பு கண்ட செடியை உடனே பிடுங்குங்கள்.

அடிக்கும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அவற்றைவிடப் பெரிதாக, வெள்ளையாக, குஞ்சம் குஞ்சமாக மெழுகு தொங்க, வேகமாக நகரும் ஒன்று இருந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அதன் பிழைப்பு. நசுக்கிவிட்டு வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். மாவு இல்லாமல் பழுப்பாக, கெட்டியாக, உப்பி, முதுகில் வட்ட ஓட்டையோடு கிடக்கும் மாவுப்பூச்சியைக் கண்டால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் செடியில் மருந்து வேண்டாம். 2008-ல் கோயம்புத்தூரில் வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை எல்லாம் அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை 2010-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு கடுகளவுக் குளவிதான் அடக்கியது. அதன் பாக்டீரியாவை யாரும் தொடவே இல்லை.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. காலையில் பனி காய்ந்ததும் வெள்ளை ஈ இருக்கும் ஒரு கத்தரி இலையைப் பறித்து, திருப்பிப் பிடித்து, சூரியனுக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பறக்கும் ஈயை விட்டுவிடுங்கள். இலையோடு ஒட்டி, நகராமல், முட்டை வடிவத்தில், கண்ணாடி போன்ற வெளிர்மஞ்சள் செதிலாகக் கிடக்கும் குஞ்சைத் தேடுங்கள். கொஞ்சம் பெரிய குஞ்சாக இருந்தால் அதன் தோல் வழியே, வயிற்றுப் பகுதியில் இடமும் வலமும் ஆரஞ்சு மஞ்சளாக இரண்டு திட்டுகள் தெரியும். கண் இல்லை அது, கண் முன்பக்கம் சிவப்புப் புள்ளியாக இருக்கும். அந்த இரண்டு திட்டுகள்தான் பாக்டீரியா குடியிருக்கும் செல் கூட்டம். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும்போது பாக்டீரியாவைத் தனியாக அனுப்பாது, பாக்டீரியா நிரம்பிய ஒரு செல்லையே முழுசாக முட்டைக்குள் வைத்து அனுப்பும். பார்த்துவிட்டு, உங்கள் மாவுப்பூச்சியின் முதுகில் ஜோடி ஜோடியாகக் கருப்புத் திட்டு இருக்கிறதா, அல்லது திட்டு இல்லாமல் மஞ்சள் பச்சையாக, பின்னால் நீளமான வெள்ளை முட்டைப் பையோடு இருக்கிறதா என்று எழுதுங்கள். எந்தக் குளவியை எதிர்பார்க்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.